கண்ணாடி கையில் இருக்கும்போது

நான்காவது சனிக்கிழமை வகுப்புக்கு எட்டுப் பேர்தான் வந்தார்கள். முதல் வாரம் பத்தொன்பது, இரண்டாவது வாரம் பதினாறு, மூன்றாவது வாரம் பன்னிரண்டு. வீட்டுக்கு வந்த டீச்சர் ஈரக்குடையை மடக்கக்கூட இல்லை. நேராகச் சமையலறைக்குப் போய்ச் சுவரில் தொங்கிய காலண்டரில் '8' என்று எழுதினாள். எழுதியதையே பார்த்துக்கொண்டு நின்றாள். குடையிலிருந்து வடிந்த தண்ணீர் காலைச் சுற்றிக் குளம் கட்டியது.

"என்ன அண்ணி, இன்னைக்கு எத்தனை விக்கெட்?" என்றாள் நாத்தனார். அடுப்பில் பருப்பு சூப் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். சனி, ஞாயிறு லீவு என்பதால் மாடியிலிருந்து இறங்கி வந்து அண்ணன் வீட்டு அடுப்பையும் அண்ணியின் மானத்தையும் ஒன்றாகக் கிண்டுவாள்.

"நாலு."

"பரவாயில்ல. இன்னும் ரெண்டு வாரம் கையில இருக்கு. ஆல் அவுட் பண்ணிடலாம்."

"நீ சும்மா இருக்கியா?"

"நான் சும்மாதான் இருக்கேன். சலூன்காரர்தான் சும்மா இல்ல. நேத்து வேன் டயருக்குக் காத்து அடிக்கப் போனப்ப என்ன சொன்னார் தெரியுமா? 'உங்க அண்ணி கிளாஸுக்கு நேரா நின்னவனா போனேன், கோணலா திரும்பி வந்தேன்'னார்."

கூடத்து நாற்காலியில் இருந்த டீச்சரின் கணவர், கட்டடங்களுக்குக் கண்ணாடி பொருத்தும் கண்ணாடிக்காரர், சிரித்துவிட்டார். சிரித்தவர் உடனே நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு மாதமாக அவர் அப்படித்தான். காதுக்குள் வந்த ஒரு கிருமி தலையைச் சுழற்றிவிட்டுப் போயிருந்தது. ஏணியில் மூன்றாம் படியில் நின்றபோது கட்டடமே ஒரு பக்கம் சாய்ந்தது போலாகி, கையில் இருந்த ஜன்னல் கண்ணாடி கீழே போய் உடைந்தது. அவர் விழவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து தலையை நிறைகுடம் மாதிரி தூக்கிக்கொண்டு நடக்கிறார். "படுத்தே கிடந்தா சரியாகாது. மெதுவா அசைச்சு அசைச்சுத்தான் பழக்கணும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். மெதுவாக அசைப்பதைச் சொல்லித்தர வீட்டிலேயே ஆள் இருந்தது. அதுதான் சிக்கல்.

"பொண்டாட்டி சொல்றதை வீட்ல கேக்கறது பத்தாதா? காலையில எந்திரிச்சுப் போய் அங்கயும் வரிசையில நின்னு கேக்கணுமா?" என்பார். ஆனால் அவரை வீட்டில் தனியாக விட டீச்சருக்குப் பயம். அதனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் நாத்தனார் அவரை வேனில் ஏற்றி, வகுப்பு நடக்கும் ஊர் மன்றத்தில் இறக்கிவிடுவாள். கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், கையைக் கட்டிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருப்பார்.

டீச்சர் என்ற பெயருக்கு வயது நான்கு வாரம். அதற்கு முன்னால் பதின்மூன்று வருஷமாக அவள் பீங்கான் தட்டுக் கம்பெனியில் தரம் பார்க்கிறவள். இப்போதும் வாரத்தில் ஐந்து நாள் அதே வேலைதான். பெல்ட்டில் வரும் தட்டை எடுப்பாள், சின்ன மரக்குச்சியால் விளிம்பில் ஒரு தட்டு, காதில் ஒலி, வெளிச்சத்தில் ஒரு சாய்ப்பு. நல்லதென்றால் இடது பக்கம். மயிரிழை விரிசலோ, மேல்பூச்சில் ஊசிமுனைப் புள்ளியோ இருந்தால் சிவப்புப் பொட்டு ஒட்டி வலது பக்கம். ஒரு நாளைக்குத் தொள்ளாயிரம் தட்டு. அவள் கண்ணுக்குத் தப்பிய பழுது ஒன்றுகூடக் கடைக்குப் போனதில்லை என்று சூப்பர்வைசரே சொல்வார்.

அதே கம்பெனியில் தட்டுகளைப் பெட்டி கட்டும் பிரிவில் ஒரு திபெத்தியப் பெண் வேலை பார்த்தாள். இவள் வயதுதான். வைக்கோலுக்கு நடுவில் தட்டை இறக்கும்போது அவள் தோள் அசைவதே வேறு மாதிரி இருக்கும். இவளுக்குத் தோள் இறுகிப்போய்க் கையை மேலே தூக்க முடியாமல் திண்டாடியபோது, சாப்பாட்டு நேரத்தில் காலிப் பெட்டிகளுக்கு நடுவில் வைத்து அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். உள்ளங்கைகளைச் சூடாகத் தேய்த்துக் கண்ணில் வைப்பது. தோளைக் காது வரைக்கும் ஏற்றி, ஏற்றியதைவிட மெதுவாக இறக்குவது. கை இரண்டும் தண்ணீரில் மிதந்து எழுவது போல எழுவது. ஒவ்வொன்றுக்குப் பிறகும் சும்மா உட்கார்ந்து, உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்பது. வேகமில்லை, வளைப்பதில்லை, யாரோடும் போட்டியில்லை. எங்கள் பக்கத்து யோகம் என்று சிரிப்பாள். எட்டு மாதத்தில் தோள் விட்டுக்கொடுத்தது, தூக்கம் வந்தது, பெல்ட் முன்னால் நிற்கும்போது வரும் எரிச்சல்கூடக் குறைந்தது. இரண்டு வருஷம் கழித்து அந்தச் சிநேகிதி வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகும்போது, "நீ சொல்லிக்கொடேன்" என்றாள். அந்த ஒரு வார்த்தை இவளுக்குள் ஈஸ்ட் போட்ட மாவு மாதிரி பொங்கிக்கொண்டே இருந்தது.

அப்படித்தான் மன்றத்து மேலாளர் அம்மாவிடம் போய் நின்றாள். அந்த அம்மா ஒளிவு மறைவில்லாமல் பேசுகிறவர். "சனிக்கிழமை காலை ஒன்பது மணிதான் இந்த ஹால்ல நல்ல நேரம். டான்ஸ் குரூப்பும் அதைத்தான் கேக்குது. உங்களுக்கு ஆறு வாரம் தர்றேன். ஆறாவது வாரம் நானே வந்து பாப்பேன். பன்னெண்டு பேராவது விரும்பி வந்து நிக்கணும். இல்லைன்னா நேரம் அவங்களுக்கு."

அந்தப் பன்னிரண்டுதான் இப்போது எட்டாகியிருந்தது.

"எட்டுல சலூன்காரரும் இல்ல. பேக்கரி அம்மாவும் இல்ல. தபால்காரர் வந்தார், ஆனா பாதியில போயிட்டார்" என்றாள் டீச்சர், சூப்பில் ரொட்டியை நனைத்துக்கொண்டே. "எனக்கு எதுவும் புரியல. ஒவ்வொருத்தரையும் கிட்டப் போய்ப் பாக்கறேன். தப்பை உடனே சொல்றேன். எங்க வேலைல இதைவிட என்ன செய்ய முடியும்?"

"தபால்காரர்கிட்ட என்ன சொன்ன?" என்றார் கண்ணாடிக்காரர்.

"இடது தோள் ரெண்டு விரக்கடை இறங்கியிருக்குன்னேன்."

"அதுக்கு அவர்?"

"'முப்பத்தி நாலு வருஷம் பை தொங்கின தோளும்மா, இறங்காம ஏறவா செய்யும்?'னார். கோவமாத்தான் சொன்னார்."

"சிவப்புப் பொட்டு ஒட்டினீங்களா?" என்றாள் நாத்தனார்.

டீச்சர் கரண்டியைக் கீழே வைத்தாள். நாத்தனார் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த வார்த்தைக்குப் பிறகு டீச்சருக்கு ரொட்டி இறங்கவில்லை.

ஐந்தாவது சனிக்கிழமையும் மழை. சாலையில் பஸ் போகும்போதெல்லாம் நடைபாதை வரைக்கும் தண்ணீர் எறிந்தது. ஏழு பேர் வந்தார்கள். தபால்காரர் வந்தது ஆச்சரியம். "வீட்டுக்காரி துரத்திட்டா" என்று காரணம் சொன்னார். ஒன்பது பத்துக்கு, கைகளைத் தேய்த்துக் கண்ணில் வைத்திருந்த நேரத்தில், ஹால் கதவு இரண்டும் அகலத் திறந்தது.

"அக்கா, கொஞ்சம் ஓரமா நிக்கச் சொல்றியா? கண்ணாடி வருது."

அவள் தம்பிதான். கண்ணாடிக்காரருக்கு மைத்துனன், அவரோடு வேலை பார்க்கிறவன். அவனுக்குப் பின்னால் மழைக்கோட்டு போட்ட மூன்று பேர்.

"என்ன கண்ணாடி?"

"இந்தச் சுவர் பூரா. ஒன்பதடி உயரம், ஆறடி அகலம், மூணு பீஸ். டான்ஸ் கிளாஸுக்காம். மேலாளர் அம்மா ஆர்டர் குடுத்துப் பத்து நாள் ஆச்சு. உனக்குத் தெரியாதா?"

தெரியாது. பத்து நாளைக்கு முன்பே அந்த அம்மா மனசில் முடிவு கட்டிவிட்டார் என்று அர்த்தம். டீச்சருக்கு முகம் வெளுத்துப்போயிற்று. ஏழு பேரும் எதிர்ச்சுவர் ஓரமாகப் போய் நின்றார்கள்.

தம்பி தலையைச் சொறிந்தான். "மாமா, ஒரு சங்கதி. நாலு பேர் தூக்கறோம், சொல்றதுக்கு ஆளில்ல. நீங்க உக்காந்த இடத்துலேர்ந்தே சொல்றீங்களா?"

பெரிய கண்ணாடி தூக்கும்போது தூக்குகிறவர்கள் பேசுவதில்லை. ஒருவர் தள்ளி நின்று பார்த்துச் சொல்வார். அவர் குரலுக்கு நாலு உடம்பும் ஒரு உடம்பாக அசையும். அந்த ஊரில் அதில் கண்ணாடிக்காரரை மிஞ்ச ஆளில்லை. இரண்டு மாதமாக அந்தக் குரல் காலையில் டீ கேட்பதற்கும் சாயங்காலம் செய்தி வைக்கச் சொல்வதற்கும் மட்டும்தான் பயன்பட்டுக்கொண்டிருந்தது. அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எல்லாரும் இருக்கீங்களா?"

"இருக்கோம்."

"பிடி வெச்சாச்சா?"

"வெச்சாச்சு."

"சரி. மூச்சை விடுங்க. முழுசா விடுங்க. ம்... இப்ப முழங்கால். முழங்கால் மட்டும். இறங்குது... இறங்குது... போதும். கனம் உள்ளங்காலுக்கு வந்திருக்கும். வந்துச்சா? இருக்கட்டும், ஒண்ணும் அவசரமில்ல. இப்ப எழும்பலாம். கண்ணாடிதான் எழும்புது, நீங்க சும்மா கூட வர்றீங்க. அவ்வளவுதான்..."

கண்ணாடி எழுந்தது. அதில் ஹாலின் விளக்குகளும் ஜன்னலும் வெளியே மழையும் மெல்லச் சரிந்து மிதந்து வந்தன. டீச்சர் அதைப் பார்த்தாள். அதற்குள் தெரிந்த எதிர்ச்சுவரையும் பார்த்தாள். பார்த்தவள் மூச்சு விட மறந்தாள்.

சுவரோரம் நின்ற ஏழு பேரும், தாங்கள் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே, முழங்காலை மடக்கி எழுந்திருந்தார்கள். ஏழு பேரும் ஒன்றாக. தபால்காரரின் தோள் இறங்கித்தான் இருந்தது. ஆனால் அது அந்த உடம்போடு சேர்ந்த ஒரு தோளாக, தண்ணீரில் போகும் துடுப்பு மாதிரி அழகாக இருந்தது. ஐந்து வாரமாக அவள் தட்டுகளைத் தட்டுவது மாதிரி இவர்களைத் தட்டித் தட்டித் தேடிய நல்ல சத்தம், தட்டாமலே கேட்டது.

கண்ணாடி பாதித் தூரம் வந்தபோது இன்னொன்று நடந்தது. நாலு பேரில் மீசைக்காரர் ஒருவர் புதிது. அவர் இடது கை, மழை ஈரத்தில், பிடியிலிருந்து மெல்ல வழுக்கிக்கொண்டிருந்தது. டீச்சரின் கண்ணுக்கு அது தப்புமா? 'கை! கை!' என்ற கூச்சல் அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"மீசை, இடது முழங்கையை உடம்போட சேத்துக்குங்க" என்றது கண்ணாடிக்காரர் குரல், மாறாத அதே தாளத்தில். "ஆங். அழகு. மூச்சு போகட்டும். இப்ப எல்லாருக்கும் ரெண்டு அடி. ஒண்ணு... ரெண்டு. அடிச்சட்டம் தெரியுதா? அதுல போய்த் தானா உக்காரும். விடுங்க... விடுங்க... உக்காந்துச்சு."

கண்ணாடி சுவரில் பொருந்தியது. யாரோ கைதட்டினார்கள். மற்ற இரண்டும் அதே மாதிரி வந்து உட்கார்ந்தன. முடிந்தபோது மணி பத்தாகிவிட்டது. வகுப்பு நடக்கவே இல்லை. ஆனாலும் தபால்காரர் கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "இன்னைக்கு நல்லாருந்துச்சும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்!

வேனில் வரும்போதே டீச்சர் ஆரம்பித்துவிட்டாள்.

"மீசைக்காரர் கை வழுக்குச்சு. நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொன்னேனே."

"முழங்கையைச் சேத்துக்கன்னுதான் சொன்னீங்க. கை வழுக்குதுன்னு சொல்லல."

"சொன்னா கையைப் பாப்பார். கையைப் பாத்தா கண்ணாடியை மறந்துடுவார். அப்புறம் நாலு பேரும் மருந்து போட்டுக்கிட்டு நிக்க வேண்டியதுதான்."

"அப்ப தப்பையே சொல்ல மாட்டீங்களா?"

"ஏன் சொல்ல மாட்டேன்? டீக்கடையில வெச்சு வண்டி வண்டியாச் சொல்லுவேன். கண்ணாடி கையில இருக்கும்போது சொல்லக்கூடாது. அப்ப அடுத்தது என்னன்னு மட்டும் சொல்லணும். இது தொழில்ல மொதப் பாடம். இதைப் போய் அதிசயமாக் கேக்கற?"

"வண்டியை நிறுத்து!" என்றாள் டீச்சர்.

நாத்தனார் பிரேக்கை மிதித்தாள். "என்ன அண்ணி, யாராவது குறுக்க வந்துட்டாங்களா?"

"எல்லார் கையிலயும் கண்ணாடி இருக்கு."

"என்னது?"

"அங்க வந்து நிக்கறாங்களே, ஒவ்வொருத்தரும் தங்கிட்ட இருக்கற ஒடம்பைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்கறாங்க. கண்ணை வேற மூடச் சொல்றேன். அப்பப் போய், இங்க கோணல், அங்க இறக்கம்னு நான் டங்கு டங்குனு தட்டிட்டு இருந்திருக்கேன்! எந்த மனுஷன் திரும்பி வருவான்?"



"இதுக்குத்தான் நடுரோட்ல நிறுத்தினீங்களா?" என்றாள் நாத்தனார். பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது. ஆனால் அவள் முகமும் மலர்ந்துவிட்டது. "சரி, அடுத்தது என்னன்னு சொல்லுங்க. வண்டி கையில இருக்கு."

வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டைக்கூட எடுத்து வைக்காமல் டீச்சர் தன் நோட்டுப் புத்தகத்தை மேஜையில் விரித்தாள். ஒவ்வொரு பயிற்சிக்கும் கீழே 'கவனிக்க வேண்டிய பிழைகள்' என்று சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தாள். அதையெல்லாம் குறுக்கே அடித்தாள். கணவரைக் கூடத்து நடுவில் நிற்க வைத்தாள்.

"நான் எதுக்கு?"

"நீங்க பாடம் கத்துக்க வேண்டாம். நான் சொல்ற விதம் சரியான்னு பாருங்க. நீங்கதான் அதுல வாத்தியார்."

இப்படிக் கேட்டால் யார்தான் மறுப்பார்? நின்றார்.

"தலையை மெதுவா வலது பக்கம் திருப்புங்க. ஐயையோ, தாடை கீழ..."

"தப்பு சொல்ற."

"சரி சரி. தலையை மெதுவாத் திருப்புங்க. மேஜை மேல இருக்கற சூப் கிண்ணத்தைப் பாருங்க. கிண்ணம் தெரியுதா?"

"காலியாத் தெரியுது."

"அது அப்புறம். மூச்சை விடுங்க. இப்ப அடுப்பைப் பாருங்க. இப்ப ஜன்னல். ஜன்னலுக்கு வெளிய மரம்."

கண்ணாடிக்காரர் மரத்தைப் பார்த்தார். திரும்பவும் ஜன்னல், அடுப்பு, கிண்ணம் என்று வந்தார். வந்து நின்றவர் முகத்தில் ஒரு திகைப்பு.

"என்னங்க?"

"சுத்தல. இல்ல, சுத்துச்சு. ஆனா நின்னுடுச்சு. நான் ஒண்ணையும் பிடிக்கல, தானா நின்னுடுச்சு!"

அன்றைக்கு அவர் அந்த மரத்தைப் பன்னிரண்டு முறை பார்த்தார். மதியச் சாப்பாட்டை மூன்று மணிக்குத்தான் மூவரும் சாப்பிட்டார்கள். ஆறிப்போன உருளைக்கிழங்கும் முட்டையும் விருந்து மாதிரி இறங்கின.

மிச்சமிருந்த ஆறு நாளில் டீச்சர் ஓய்ந்து உட்காரவில்லை. தினம் ஐந்து மணிக்கு வேலை முடிந்ததும் தட்டுக் கம்பெனி வாசலிலிருந்து நேராக, விட்டுப்போனவர்களின் கடைகளுக்குப் போனாள். திங்கட்கிழமை சலூன். ஒருவர் முகம் முழுக்க நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

"வாங்க டீச்சர்" என்றார் சலூன்காரர், கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டே. "என் முதுகு இன்னும் கோணலாத்தான் இருக்கு. பாத்துட்டுப் போக வந்தீங்களா?"

"மன்னிப்புக் கேக்க வந்தேன். இனிமே கோணல்ங்கற வார்த்தையே என் வாயில வராது. ரெண்டு நிமிஷம் குடுப்பீங்களா? நின்ன இடத்துலயே."

"சவரம் நடக்குதே."

"கத்தியை மட்டும் கீழ வெச்சிடுங்க."

நுரைக்குள்ளிருந்து, "நானும் செய்யலாமா?" என்று ஒரு குரல் வந்தது. இருவரும் செய்தார்கள். தோள் காதை நோக்கி ஏறியது, ஏறியதைவிட மெதுவாக இறங்கியது. டீச்சர் அடுத்தது என்ன என்று மட்டும் சொன்னாள். முடிந்ததும் சலூன்காரர் கண்ணைத் திறந்து, ஒரு நாள் முழுக்க நின்ற காலை முதல்முறையாகக் கவனித்தவர் மாதிரி கீழே பார்த்தார். "சனிக்கிழமை காலையில கடை கூட்டமா இருக்கும்" என்றார். கொஞ்சம் யோசித்தார். "பத்தரைக்குத் திறந்தா ஆகாதா என்ன? தலைமயிர் அதுக்குள்ள எங்க ஓடிடப் போகுது?"

நுரைக்காரரும் வருவதாகச் சொன்னார்.

பேக்கரி அம்மாவுக்கு மாவு பிசைந்து மணிக்கட்டு வலி. அவர் மாவுத் தொட்டியின் முன்னாலேயே கைகளை மிதக்கவிட்டார். மிதந்த கைகளிலிருந்து மாவு பனி மாதிரி உதிர்ந்தது. "அன்னைக்கு நீங்க என் வயித்தைப் பாத்தீங்க. அதான் வரல" என்று வெளிப்படையாகச் சொன்னார். டீச்சர், "பாத்தேன். பாத்தது தப்பு" என்றாள். சூடான ரொட்டி ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார் அந்த அம்மா.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடிக்காரர் கேட்பார், "இன்னைக்கு எத்தனை?" நாத்தனார் கேட்பாள், "இன்னைக்கு எத்தனை?" வெள்ளிக்கிழமை டீச்சர் விரல்விட்டு எண்ணினாள். வருவதாகச் சொன்னவர்கள் பதின்மூன்று. சொல்கிறவர்கள் எல்லாரும் வருவார்களா என்பது வேறு.

ஆறாவது சனிக்கிழமை மழை விட்டிருந்தது. ஒன்பது அடிக்கும்போது பதினோரு பேர். ஒன்பது இரண்டுக்குப் பேக்கரி அம்மா மாவுக் கையோடு ஓடி வந்தார். பின்னாலேயே சலூன்காரரும், நுரையில்லாத முகத்தோடு யாரென்று தெரியாத ஒருவரும். பதினான்கு! டீச்சர் நெஞ்சு ரயில் மாதிரி ஓடியது. நாத்தனார் வேனைப் பூட்டிவிட்டு உள்ளே வந்து, "இன்னைக்கு நானும் நிக்கறேன், தப்பு சொன்னீங்கன்னா இறங்கிப் போயிடுவேன்" என்று கடைசி வரிசையில் நின்றாள். அதற்கு மேல் ஓர் அதிசயம்: கண்ணாடிக்காரர் பிளாஸ்டிக் நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டுத் தங்கை பக்கத்தில் போய் நின்றார்.

மேலாளர் அம்மா ஒன்பது ஐந்துக்கு வந்தார். கையில் அட்டையும் பேனாவும். செருப்பைக் கழற்றவில்லை. "பத்து நிமிஷம் பாத்துட்டுப் போறேன்" என்று கதவோரம் நின்றார்.

டீச்சர் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, எல்லாருக்கும் எதிரே நின்றாள்.

"எல்லாரும் இருக்கீங்களா?"

சிரித்துக்கொண்டே, "இருக்கோம்" என்றார்கள்.

"மூச்சை விடுங்க. முழுசா விடுங்க. கையைத் தேய்ங்க. இன்னும் கொஞ்சம். சூடு வந்துச்சா? அதைக் கண்ணுக்குக் குடுங்க..."

தோள் ஏறி இறங்கியது. கைகள் எழுந்தன, இறங்கின. கழுத்துகள் ஜன்னலையும் விளக்கையும் கதவையும் பார்த்துத் திரும்பின. கதவைப் பார்க்கும்போதெல்லாம் மேலாளர் அம்மாவும் கண்ணில் பட்டார். முதலில் அவர் எழுதிக்கொண்டிருந்தார். பிறகு பேனா நின்றது. பத்து நிமிஷம் போய் இருபது ஆனது. ஒரு முறை பார்க்கும்போது செருப்பு ஓரமாகக் கிடந்தது. அடுத்த முறை பார்க்கும்போது அட்டை தரையில் இருந்தது.

பிறகு ஒற்றைக்கால். கனத்தை மெல்ல இடது காலுக்கு மாற்றி, வலது காலைத் தரையிலிருந்து லேசாகத் தூக்கி, கண்ணை மூடி நிற்பது. விருப்பமிருந்தால் மூடலாம், இல்லையென்றால் வேண்டாம் என்றுதான் டீச்சர் சொன்னாள். கண்ணாடிக்காரர் மூடினார்.

மூன்று மூச்சு வரைக்கும் நன்றாக நின்றார். நாலாவதில் உடம்பு வலது பக்கம் சாய ஆரம்பித்தது, காற்றில் ஏணி சாய்வது மாதிரி. கைகள் விறைத்தன, முகம் வெளுத்தது. அவர் விழுந்தால் பக்கத்தில் நாத்தனார் மேலும், அவள் முன்னால் நின்ற தபால்காரர் மேலும்தான் விழ வேண்டும். மேலாளர் அம்மா அதைப் பார்த்துவிட்டார். அவர் கை தன் வாய்க்குப் போனது. பதின்மூன்று வருஷத் தரம் பார்க்கும் கண், பதினெட்டு வருஷப் பெண்டாட்டியின் தொண்டை, இரண்டும் சேர்ந்து 'ஐயோ, விழறீங்க!' என்று கத்தத் தயாராயின. ஓடிப் பிடிக்க முடியாது. நடுவில் இரண்டு வரிசை.

"எல்லாரும் வலது பெருவிரலைத் தரைக்குக் குடுங்க" என்றாள் டீச்சர். குரல் மாறவில்லை, எப்படி மாறாமல் இருந்தது என்று அவளுக்கே தெரியாது. "விரல் தரையைப் பிடிச்சுக்கும். ஆங். குதிகால் தானா இறங்கட்டும். மூச்சு போகட்டும். இப்பக் கண்ணு மெதுவாத் திறக்குது. எதிர்ல கண்ணாடி இருக்கு. அதுல உங்க முகத்தை நீங்களே பாருங்க."

பெருவிரல் தரையைத் தொட்டது. சாய்ந்த உடம்பு ஒரு கணம் அங்கேயே நின்று, பிறகு வந்த வழியே திரும்பி நேரானது. கண்ணைத் திறந்தார். எதிரே, தான் உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்லிப் பொருத்தவைத்த ஒன்பதடிக் கண்ணாடியில், தான் நிற்பதைப் பார்த்தார்.

"இப்ப இடது பக்கம்" என்றாள் டீச்சர். உள்ளங்கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

கடைசியில் எல்லாரையும் உட்காரச் சொன்னாள். "ஒண்ணும் செய்ய வேண்டாம். செஞ்சதெல்லாம் உள்ள போய் என்ன செய்யுதுன்னு மட்டும் பாத்துக்கிட்டு இருங்க." பதினாறு பேர் கண்ணை மூடி உட்கார்ந்தார்கள். பதினேழாவது ஆள் கதவுக்குப் பக்கத்தில், அட்டையைத் தலைகீழாக மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஹாலில் ஃபேன் சத்தம் மட்டும் இருந்தது.

அப்போதுதான் வெளியே தடதடவென்று கதவைத் தட்டினார்கள்.

மேலாளர் அம்மா எழுந்தார். கால் நுனியில் நடந்து போய்க் கதவை ஒரு கை அகலம் திறந்தார். டான்ஸ் குரூப்பைச் சேர்ந்த நாலு பேர், நடுவில் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டி.

"மேடம், ஒன்பதே முக்காலுக்கு வந்து சாமான் இறக்கச் சொன்னீங்க. வகுப்பு முடிஞ்சுடும்னு."

"சொன்னேன்" என்றார் மேலாளர் அம்மா, ரகசியம் பேசுகிற குரலில். "முடியல. முடியாது. சனிக்கிழமை ஒன்பது மணி இனிமே இவங்களோடது. உங்களுக்குப் பத்தரை."

"மேடம், கண்ணாடி எங்களுக்காகத்தானே..."

"பத்தரைக்கும் கண்ணாடி அங்கயேதான் இருக்கும். போய் டீ குடிச்சிட்டு வாங்க. பெட்டியைச் சத்தம் போடாம வைங்க."

கதவைச் சாத்திவிட்டு, வந்த மாதிரியே கால் நுனியில் திரும்பி வந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டார்.

டீச்சருக்கு எழுந்து குதிக்க வேண்டும் போலிருந்தது. ஹாலைச் சுற்றி ஓட வேண்டும் போலிருந்தது. நாத்தனார் ஒற்றைக் கண்ணைத் திறந்து, பல் தெரியச் சிரித்து, மறுபடி மூடிக்கொண்டாள். இன்னும் ஒரு முழு நிமிஷம் பாக்கி. பதினேழு பேர் கையிலும் கண்ணாடி இருந்தது, யாரையும் உலுக்கக்கூடாது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது, முகம் சிவந்தது, கண்ணில் தண்ணீர் முட்டியது.

கடைசி வரிசையிலிருந்து கண்ணாடிக்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தார்.

"மூச்சை விடு."

விட்டாள்.